ரேடியோ நகைச்சுவைக்காரர்கள் சினிமாவுக்குப் போனபோது

'ரோட் டு சிங்கப்பூர்' என்று 1940-ல் பாரமவுண்ட் ஒரு படம் வெளியிட்டது. பெயரைப் பார்த்து ஆசையோடு உட்காருகிற நம்மூர்க்காரருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். கதை நடப்பது கைகூன் என்ற கற்பனைத் தீவில். சிங்கப்பூர் பெயரளவுக்கு வந்து போகும், அவ்வளவுதான். இருந்தாலும் அந்தப் படத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பாப் ஹோப்பும் பிங் கிராஸ்பியும் அதில் ஒருவரையொருவர் வாரிக்கொள்ளும் தோரணை ரேடியோவில் பழகியது. ஹோப் 1938 முதல் பெப்சோடன்ட் பற்பசைக் கம்பெனியின் நிகழ்ச்சியை நடத்தி வந்தார். கிராஸ்பியிடம் கிராஃப்ட் கம்பெனியின் இசை நிகழ்ச்சி இருந்தது. தியேட்டருக்கு வந்த அமெரிக்கக் கூட்டத்துக்கு இருவருமே வாராவாரம் வரவேற்பறைக்கு வந்து போகிறவர்கள். அறிமுகக் காட்சியே தேவைப்படவில்லை. அந்த வரிசையில் மொத்தம் ஏழு படங்கள், கடைசிப் படம் 1962-ல்.

ஹோப் ஜெயித்தார். ரேடியோவில் அவருக்குச் சமமாகப் பெயர் வாங்கிய சிலர் திரையில் தலைகுப்புற விழுந்தார்கள். யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்பதை அவர்களுடைய ரேடியோ நிகழ்ச்சியைக் கேட்டே ஓரளவு சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

எப்படி? பழைய நிகழ்ச்சி ஒன்றைக் காதொலிப்பானில் முழுதாகக் கேளுங்கள். பெரும்பாலானவை ரசிகர்கள் முன்னிலையில் நேரடியாக ஒலிபரப்பானவை. யாரும் எதுவும் பேசாத இடத்தில் குபீரென்று சிரிப்பு கிளம்புகிறதா? அங்கே அவர் முகத்தாலோ உடம்பாலோ ஏதோ செய்திருக்கிறார். அரை மணி நேரத்தில் அப்படி மூன்று நான்கு இடம் கிடைத்தால் அவர் கேமராவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. சிரிப்பு முழுக்க வார்த்தைக்கும் சத்தத்துக்கும் மட்டுமே விழுகிறதென்றால், அவரை வைத்துப் படமெடுப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

ஜாக் பென்னி இதற்குச் சரியான ஆள். 1932-ல் ரேடியோவுக்கு வருவதற்கு முன் வருடக்கணக்கில் வாடவில் என்ற பல்சுவை மேடைகளில் வயலினும் கையுமாக நின்றவர். ரேடியோவில் அவர் தனக்கென்று ஒரு குணத்தைக் கட்டினார்: கடைந்தெடுத்த கஞ்சன், வயலின் மேதை என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்கிறவன், வயது 39-ஐத் தாண்டாதவன். 1948 மார்ச்சில் ஒலிபரப்பான காட்சி இன்றைக்கும் பேசப்படுகிறது. இருட்டில் ஒரு வழிப்பறிக்காரன், "பணமா, உயிரா?" என்கிறான். பென்னி வாயைத் திறக்கவில்லை. கூட்டம் சிரிக்கத் தொடங்குகிறது. அவர் இன்னும் பேசவில்லை. திருடன் மறுபடி அதட்டிய பிறகுதான், "யோசிச்சுக்கிட்டிருக்கேன்!" என்று எரிந்து விழுகிறார். ரேடியோவில் மௌனம் ஆபத்தானது. நிலையம் போய்விட்டதோ என்று கேட்பவர் குமிழைத் திருகிவிடுவார். பென்னி அந்த மௌனத்தில்தான் காசு பார்த்தார். 16 வருடமாக ஜனங்கள் மனதில் ஊறியிருந்த கஞ்சத்தனம் அங்கே அவருக்குப் பதிலாகப் பேசியது.

இந்த மாதிரி ஆளைத் திரைக்குக் கொண்டுபோக இரண்டு வழி உண்டு. ஒன்று, ரேடியோ குடும்பத்தையே மூட்டை கட்டிக்கொண்டு போவது. 1940-ல் வந்த 'பக் பென்னி ரைட்ஸ் அகெய்ன்' அப்படித்தான். பென்னி பென்னியாகவே வருவார். வேலையாள் ராச்செஸ்டராக எடி ஆண்டர்சன், வாத்தியக் குழுத் தலைவர் ஃபில் ஹாரிஸ், பாடகர் டென்னிஸ் டே, வீட்டில் வளர்க்கும் கார்மைக்கேல் என்ற பனிக்கரடிகூட உண்டு. ரேடியோவில் உறுமலாக இருந்தபோது அந்தக் கரடி எவ்வளவு பெரியதாகவும் இருந்திருக்கலாம். திரையில் அது ஒரு கரடி. படம் இன்றைக்குப் பார்க்கச் சுமார்தான், ஆனால் ஆண்டர்சன் வரும் இடங்களில் நிமிர்ந்து உட்கார வைக்கும். 1937-ல் ரயில் சிப்பந்தியாக ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு வந்தவர், நிரந்தரமாகத் தங்கிவிட்டார். 1943-ல் 'கேபின் இன் தி ஸ்கை' படத்துக்கு அவரே கதாநாயகன்.

இரண்டாவது வழி, ரேடியோ குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புதிய ஆளுக்கு மாட்டிவிடுவது. இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1942-ல் 'டு பி ஆர் நாட் டு பி' படத்தில் செய்தது இது. ஜோசப் டூரா என்ற போலந்து நாடக நடிகராக பென்னி. வார்சாவில் ஹாம்லெட் போடுகிறார். கையில் புத்தகத்தோடு மேடையின் முன்பக்கம் நிதானமாக நடந்து வருகிறார். தலையைத் தூக்கி, படத்தின் பெயராகவும் இருக்கிற அந்தப் புகழ்பெற்ற வரியைத் தொடங்குகிறார். தொடங்கிய அதே நொடியில் முன்வரிசைப் பக்கம் ஓர் இளைஞன் எழுந்து, உட்கார்ந்திருப்பவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியே போகிறான். பென்னியின் முகத்தைக் கவனியுங்கள். வசனத்தை விடவும் முடியவில்லை, அவனை விடவும் முடியவில்லை. (அவன் போவது டூராவின் மனைவியைப் பார்க்க என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.) வழிப்பறிக் காட்சியில் இருந்த அதே மௌனம், இப்போது முகத்தோடு. ரேடியோக்காரர் ஒருவரைச் சினிமா சரியாகப் புரிந்துகொண்ட படம் ஒன்றே ஒன்றைக் காட்டு என்றால் இதைத்தான் காட்டுவேன். கதாநாயகி கரோல் லொம்பார்ட் படம் வெளியாகும் முன், 1942 ஜனவரியில் விமான விபத்தில் இறந்துபோனார். நாஜிகளைக் கேலி செய்ததும் அன்றைக்குப் பலருக்குப் பிடிக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து 'தி ஹார்ன் புளோஸ் அட் மிட்நைட்'. உலகத்தை அழிக்க எக்காளத்தோடு அனுப்பப்படும் தேவதூதனாக பென்னி. எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கஞ்சத்தனம் இல்லை, தற்பெருமை இல்லை, சாதுவான ஒரு மனிதன் உயரமான கட்டடத்தில் தொங்குகிறான். அந்த வேடத்தை யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். கதாநாயகனாக அவருக்கு அதுதான் கடைசிப் படம். ஆனால் மனிதர் கெட்டிக்காரர்: அந்தத் தோல்வியையே ரேடியோவுக்கு எடுத்துப் போய் வருடக்கணக்கில் தன்னைத்தானே கேலி செய்து அறுவடை செய்தார்.

பென்னியோடு பொய்ச்சண்டை போட்டுப் பெயர் வாங்கிய ஃபிரெட் ஆலன் நேர் எதிர். வார்த்தைச் சாமர்த்தியத்தில் பென்னியைவிட ஒரு படி மேல். சொந்த வசனத்தில் பெரும்பகுதியைத் தானே எழுதியவர். 1945-ல் வந்த 'இட்ஸ் இன் தி பேக்' படத்தில் நாற்காலிகளைத் தேடி அலைகிறார். வசனம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒன்றும் குறையாது. சினிமாவுக்கு அதுதான் குறை.

சத்தத்தை நம்பியவர்களின் கதை இன்னும் பரிதாபம். ஜிம் ஜோர்டன், மரியன் ஜோர்டன் தம்பதி நடத்திய 'ஃபிப்பர் மெக்கீ அண்ட் மாலி' நிகழ்ச்சியில் ஓர் அலமாரி உண்டு. கதவைத் திறந்தால் உள்ளே அடைத்து வைத்தது அத்தனையும் சரிந்து கொட்டும். 1940-ல் தொடங்கிய சத்தம் அது. ஒலி விளைவுக்காரர்கள் படிக்கட்டில் தட்டுமுட்டுச் சாமான்களை அடுக்கி வைத்துத் தள்ளிவிடுவார்கள். எல்லாம் விழுந்து ஓய்ந்ததும் கடைசியில் ஒரு குட்டி மணி 'டிங்' என்னும். சிரிப்பு வெடிப்பது அந்த மணியில்தான். கேட்பவர் ஒவ்வொருவரும் தன் வீட்டு அலமாரியை நினைத்துக்கொள்வார். அதைப் படமெடுத்தால் என்ன ஆகும்? ஸ்டுடியோ அலமாரிக்கு ஓர் அளவு உண்டு, விழும் பொருளுக்கு ஓர் எண்ணிக்கை உண்டு. ஆர்கேஓ ஸ்டுடியோ அந்தத் தம்பதியை வைத்து 1941, 1942, 1944-ல் படங்கள் எடுத்தது. முதல் இரண்டிலும் எட்கர் பெர்கனையும் துணைக்குச் சேர்க்க வேண்டியிருந்தது.

அந்த பெர்கன் ஒரு வேடிக்கை. ரேடியோவில் பொம்மையை வைத்துப் பேசுகிற கலைஞர்! உதடு அசைகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாத இடத்தில் அந்த வித்தைக்கு என்ன மரியாதை என்று கேட்கலாம். ஆனால் ஜனங்களுக்குப் பிடித்தது வித்தை அல்ல, சார்லி மெக்கார்த்தி என்ற அந்த வாயாடிப் பொம்மையின் குணம். படத்துக்கு வந்ததும் பெர்கனின் உதடு அசைவது தெரிந்தது, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. திரைத்துறை அவருக்கு மரத்தாலேயே, தாடை அசையும் ஆஸ்கார் சிலை ஒன்று செய்து கொடுத்தது. பின்னாளில் பொம்மை இல்லாமல் 'ஐ ரிமெம்பர் மாமா' என்ற 1948 படத்தில் கூச்ச சுபாவியாக நடித்திருக்கிறார்.

ஒரே தொண்டையில் ஊரையே வைத்திருந்தவர்களுக்குத்தான் பெரிய அடி. 'லம் அண்ட் அப்னர்' நிகழ்ச்சியில் செஸ்டர் லாக், நாரிஸ் காஃப் இருவரும் கிராமத்துக் கடைக்காரக் கிழவர்கள் இருவரோடு அந்த ஊரில் வந்துபோகும் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கும் குரல் கொடுத்தார்கள். 1940-ல் 'டிரீமிங் அவுட் லவுட்' எடுத்தபோது லாக்குக்கு 38 வயது, காஃபுக்கு 34. ஒப்பனை போட்டுக் கிழவர்களாக்கினார்கள். மற்றப் பாத்திரங்களுக்கோ வேறு நடிகர்கள் வந்தாக வேண்டும். வாரம் பல நாள் கேட்டுப் பழகிய குரல் வேறு உடம்பிலிருந்து வேறு மாதிரி வரும். அப்படியும் ஆறு வருடத்தில் ஆறு படம் எடுத்தார்கள். சிறுநகரத் தியேட்டர்கள் அவர்களைக் கைவிடவில்லை போலும். 'ஆமோஸ் அண்ட் ஆண்டி' நடத்திய இரண்டு வெள்ளையர்களின் சங்கதி வேறு. கறுப்பினத்தவர் குரலில் பேசிப் பெயரெடுத்தவர்கள், 1930-ல் வந்த 'செக் அண்ட் டபுள் செக்' படத்தில் முகத்தில் கரி பூசிக்கொண்டு நின்றார்கள். ரேடியோ மறைத்து வைத்திருந்த அசிங்கத்தைக் கேமரா அப்படியே காட்டிவிட்டது. அந்தப் படத்தில் டியூக் எல்லிங்டன் குழு வாசிக்கும் பகுதி மட்டும் பார்க்கத் தக்கது.

அபாட், காஸ்டெல்லோ ஜோடிக்கு ரேடியோவில் வந்த சிக்கல் இன்னொரு ரகம். 1938-ல் பாடகி கேட் ஸ்மித்தின் நிகழ்ச்சிக்கு வந்தபோது இருவர் குரலும் ஒன்றுபோலக் கேட்டது. யார் யாரைத் திட்டுகிறார் என்றே புரியவில்லை. அதனால் காஸ்டெல்லோ குரலைக் கீச்சென்று உயர்த்திக்கொண்டார். ஒருவர் ஒல்லி, ஒருவர் குண்டு என்று பார்த்ததும் தெரிகிற திரையில் அந்தக் கீச்சுக்குரல் தேவையே இல்லை. ஆனால் அதற்குள் அது அவருடைய சொத்தாகிவிட்டது. 1941-ல் மட்டும் யுனிவர்சல் அவர்களை வைத்து நான்கு படங்களை வெளியிட்டது.

இங்கே நம்மூர் சிங்கப்பூரின் வாங் ஷா, யே ஃபெங் ஜோடியும் ஞாபகம் வரும். அவர்கள் வந்தது ரேடியோ வழியாக அல்ல, கேதாய் என்கிற சீனப் பாட்டுக் கச்சேரி மேடை வழியாக. ஒல்லி வாங் ஷாவும் பருமனான யே ஃபெங்கும் பக்கத்தில் நின்றாலே பாதிச் சிரிப்பு வந்துவிடும். ஷா பிரதர்ஸ் 1974-ல் 'தி கிரேஸி பம்ப்கின்ஸ்' எடுத்தபோது அறிமுகத்துக்குச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

மேடை முகமும் இருந்து, ஸ்டுடியோவில் சொல்லில்லாச் சிரிப்பும் வாங்கி, அப்படியும் தோற்றவர் ஒருவர் உண்டு. என் கட்சிக்கு அவர் ஒரு முள். எட் வின். ரேடியோ நிகழ்ச்சிக்கே வேடம் கட்டி வருவார், நடுவில் உடை மாற்றுவார். 1933-ல் 'தி சீஃப்' படம் படுத்துவிட்டது. மேடையில் கூட்டத்தைப் பார்த்து ஏற்றி இறக்கிய கூத்து, எதிரே ஆளில்லாத படப்பிடிப்புத் தளத்தில் வெறும் கத்தலாகிவிட்டது. கால் நூற்றாண்டு கழித்து, கூத்தையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு 'தி டைரி ஆஃப் ஆன் ஃபிராங்க்' படத்தில் நடித்தபோது ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. இன்னொரு ரேடியோ நகைச்சுவைக்காரர் ஜார்ஜ் பர்ன்ஸும் இப்படித் தாமதமாகக் காய்த்தவர். பென்னி 1974 டிசம்பரில் இறந்ததால் அவருக்குப் போட்டிருந்த வேடம் பர்ன்ஸுக்கு வந்தது. 'தி சன்ஷைன் பாய்ஸ்' படத்துக்காக 80 வயதில் ஆஸ்கார் வாங்கினார்.

பிரிட்டன் பக்கம் வந்தால் பீட்டர் செல்லர்ஸ். 'தி கூன் ஷோ' என்ற ரேடியோ நிகழ்ச்சியில் ஒரே ஆள் பத்து ஆளாகப் பேசிய அதே வித்தையை 1959-ல் 'தி மவுஸ் தட் ரோர்டு' படத்தில் மூன்று வேடமாக மாற்றினார், 1964-ல் 'டாக்டர் ஸ்டிரேஞ்ச்லவ்' படத்தில் மறுபடி மூன்று. லாக்கும் காஃபும் மாட்டிக்கொண்ட அதே கண்ணியிலிருந்து இவர் தப்பியதற்குக் காரணம், ஒவ்வொரு குரலுக்கும் ஒரு நடையும் ஒரு முகமும் தேடிக் கண்டுபிடித்ததுதான்.

தமிழில் இதற்கு நிகரான சம்பவம் தமிழ்நாட்டில் அல்ல, இலங்கையில் நடந்தது. இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரில் நான்கு பேர், நான்கு வகைத் தமிழ். எஸ். ராமதாஸ் முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்கார், டி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி, எஸ். செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழில் உபாலி, பி. எச். அப்துல் ஹமீத் அக்கிரகாரத் தமிழில் ஐயர். ஆம், 'பாட்டுக்குப் பாட்டு' ஹமீத்தேதான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நான்கு பேரையும் பிரித்துக் காட்டியது பேச்சுவழக்கு ஒன்றே. காஸ்டெல்லோ குரலை உயர்த்திச் சாதித்ததை இவர்கள் வட்டார வழக்கால் சாதித்தார்கள். தொடர் 1976-ல் 'கோமாளிகள்' என்று படமானபோது அதே நால்வரும் அதே வேடத்தில் திரைக்கு வந்தார்கள். ஹென்றி ஆல்ட்ரிச் என்ற ரேடியோ பாத்திரத்தை வைத்து வந்த பதினொரு படங்களில் ஒன்றில்கூட ரேடியோ நாயகன் எஸ்ரா ஸ்டோனுக்கு ஹாலிவுட் அந்த வேடத்தைக் கொடுக்கவில்லை என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரப் பெயர் அவர்கள் பெயரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

இனி, இதையெல்லாம் தேடிக் கேட்க, பார்க்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைத் தகவல்கள்.

ரேடியோ நிகழ்ச்சிகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் கொட்டிக் கிடக்கின்றன. அரை மணி நிகழ்ச்சி என்றால் ஏறக்குறைய 29 நிமிடம் 30 விநாடி இருக்க வேண்டும். 25 நிமிடத்துக்குள் முடிந்தால் அது பெரும்பாலும் அமெரிக்கப் படையினருக்காக விளம்பரத்தை வெட்டி அனுப்பிய பதிப்பு. பென்னியின் ஜெல்லோ இனிப்பு விளம்பரங்கள் நகைச்சுவையோடு பின்னிக் கிடப்பவை. அவற்றை வெட்டினால் பின்னால் வரும் கிண்டல் அந்தரத்தில் தொங்கும். அன்றைய பதிவு 16 அங்குல இசைத்தட்டில், ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம். அதனால் பாதியில் ஒரு துள்ளல் கேட்டால் கோப்பு பழுதென்று நினைக்காதீர்கள், தட்டு மாறிய இடம் அது.

வேகம்தான் பெரிய தொல்லை. தட்டிலிருந்து நாடாவுக்கு, நாடாவிலிருந்து கணினிக்கு என்று மாறி வந்ததில் பல கோப்புகள் விரைவாக ஓடுகின்றன. சோதிக்க எளிய வழி, என்பிசி என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் நிகழ்ச்சிகளின் முடிவில் வரும் மூன்று மணியோசை. அவை ஜி, ஈ, சி சுரங்கள். ஏறக்குறைய 196, 330, 262 ஹெர்ட்ஸ். கிட்டார் சுருதி பார்க்கும் செயலியைப் பக்கத்தில் வையுங்கள். முதல் மணி 206 காட்டினால் கோப்பு 5 விழுக்காடு வேகமாக ஓடுகிறது. ஆடாசிட்டி மென்பொருளில் வேகத்தை மாற்றுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொட்டால் மௌனங்கள் குறுகியபடியே இருக்கும், பென்னியைக் கேட்டுப் பயனில்லை. எம்ஆர்டி ரயிலிலும் அவரைக் கேட்காதீர்கள். ஈசூனில் ஏறி ராஃபிள்ஸ் பிளேசில் இறங்குவதற்குள் ஒரு நிகழ்ச்சி முடிந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் சுரங்கப்பாதை இரைச்சலில் அந்த மௌனமும் அதன் ஓரத்தில் துளிர்க்கும் முதல் சிரிப்பும் காணாமல் போகும். ஆலனையோ காஸ்டெல்லோவையோ தாராளமாகக் கேட்கலாம்.

படங்களுக்கு டிவிடி வாங்குவதானால் மண்டல எண்ணைப் பாருங்கள். அமெரிக்கத் தட்டு 1, பிரிட்டிஷ் தட்டு 2, சிங்கப்பூர் 3. பூட்டு நீக்காத பிளேயரில் ஓடாது. புளூரேயில் இந்தத் தகராறு குறைவு. அமெரிக்காவும் நாமும் ஒரே ஏ மண்டலம். பிரிட்டிஷ் டிவிடியில் இன்னொரு வம்பு: விநாடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய படம் 25 ஃபிரேமாக ஓடும். 99 நிமிட 'டு பி ஆர் நாட் டு பி' 95 நிமிடத்தில் முடியும், குரலும் கொஞ்சம் மேலேறும். சண்டைப் படத்துக்கு யாரும் கவனிக்கமாட்டார்கள். ரேடியோ குரலோடு ஒப்பிட உட்காருகிறவருக்கு உடனே உறுத்தும்.

தனியாகக் கணினியில் பார்க்கும்போது சில படங்கள் இழுப்பதுபோலத் தெரியும். ஆயிரம் பேர் சிரித்து ஓய இடம் விட்டு வெட்டிய படங்கள் அவை. அபாட், காஸ்டெல்லோ படங்களையாவது நாலு பேர் சேர்ந்து பாருங்கள்.

வரிசை என்று கேட்டால்: 1948 வழிப்பறி நிகழ்ச்சி, அடுத்து 'டு பி ஆர் நாட் டு பி', அதன் பிறகு 'பக் பென்னி'. 'ஹார்ன்' படத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 1949-ல் அதே கதையை பென்னியே நடித்து ரேடியோ நாடகமாகவும் ஒலிபரப்பினார்கள். படத்தைப் பார்த்த கையோடு அதைக் கேட்டால், தொங்குகிற காட்சிகள் எல்லாம் போய் அவர் குரல் மட்டும் மிஞ்சுகிறது. கதை அப்போதும் தேறவில்லை, ஆனால் அவர் தேறிவிடுகிறார்.